மேல் படி காய்ந்தே கிடக்கட்டும்

அன்பு மாப்பிள்ளை வேதாவுக்கு,

உன் ராஜாவை நல்லவனாக்கிவிட்டார்கள். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன் கதையைப் புத்தகமாகப் போட வாங்கிக்கொண்ட காஞ்சிபுரத்து அச்சகக்காரர், கடைசி அத்தியாயத்தையே மாற்றி எழுதிவிட்டார்.

நீ எழுதியதில் ராஜா ஒவ்வொரு பொய் சொல்லும்போதும் ஏரித் தண்ணீர் மதகில் ஒரு படி இறங்கும். வயலில் மல்லாக்கொட்டை ஓடு முழுசாக இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. கடைசியில் ராஜா ஊரைக் கூட்டி, மதகருகே நின்று, சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்வான். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஒரு படி ஏறும். ஒரே ஒரு பொய்யை மட்டும் அவனால் சொல்ல முடியாது. மேல் படி காய்ந்தே கிடக்கும். அதோடு கதை முடியும்.

இப்போது? ஒரு மந்திரவாதி சூனியம் வைத்தானாம், ஏரி வற்றியதாம். ராஜா அவன் தலையை வெட்டினானாம், ஒரே நாளில் ரொம்பிவிட்டதாம். அப்புறமும் ராஜா மதகருகே வந்து நிற்கிறானாம், தங்கமானவனாம். டென்ட் கொட்டகை டிக்கெட் ஜன்னலில், ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்து நாலு வருஷம் நீ எழுதியது இதற்காகவா?

அந்தப் பருப்பில்லாத ஓடு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காவாந்தண்டலத்துக்காரர் ஒருத்தர் கொண்டுவந்த மூட்டையை என் மண்டியில் அடிவரை கைவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். மேலே திரண்ட காய், அடியில் மண்ணும் பருப்பில்லாத பொக்கும். நீ பெஞ்சில் இருந்தபடி கேட்டாய்: "இந்தாளு ராஜாவா இருந்தா இன்னா ஆவும் மச்சான்?"

"நாடு பூரா இந்த மூட்டைதான். நீ டீய குடி" என்றேன். நீ குடிக்கவில்லை. டீ ஆறிப்போனது, நீ எழுதிக்கொண்டிருந்தாய்.

என் கோபம் அச்சகக்காரர்மேல் மட்டும் இல்லை. அச்சடிக்கும் முன் சரிபார்க்கச் சொல்லித் தாள்களை எனக்குத்தான் அனுப்பினார். இருபது வருஷமாக அடிவரை கைவிடாமல் ஒரு மூட்டை வாங்காத நான், அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ராஜம் வந்தாள். எனக்குத் தங்கை, உனக்குப் பெண்டாட்டி, இரண்டு உரிமையோடும் கேட்டாள்: "படிச்சியாண்ணா?"

"படிச்சேம்மா. ஜோரா கீது."

அவள் அங்கேயே உட்கார்ந்து தாள்களைப் படித்து முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் காஞ்ச படி எங்கண்ணா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அச்சகத்தில் நின்றேன். "இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ராஜா கெட்டவன்னு போட்டா லைப்ரரில எடுக்க மாட்டாங்க. எந்த மந்திரிய சொல்றான்னு கேட்டுக்கினு வருவாங்க. கொழந்தைங்க படிக்கிற மாயாஜாலக் கத, இதுக்குப் போயி பேஜார் பண்றீங்களே."

"சூனியத்தால ஏரி வத்துச்சுன்னா ராஜா எதுக்கு சார் மதகாண்ட வந்து நிக்கிறான்? குளிக்கவா?"

அச்சுக்கோர்ப்பவர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

கண் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "படிக்காம போட்டேன். எந் தங்கச்சியாண்ட படிச்சேன்னு பொய்யும் சொன்னேன்" என்றேன். அதற்கப்புறம்தான் அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த ராஜா கடைசிவரை சொல்லாத பொய் எது மாப்பிள்ளை? எத்தனை தடவை கேட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிக்கப் போய்விடுவாய். இப்போது யாரைக் கேட்பது?

உன் வருஷ திதிக்கு முன்னால் புத்தகம் ராஜம் கையில் இருக்கும். இந்தத் தடவை அவளுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அச்சகக்காரரிடம் பேசி முடித்தது இது. கடைசி அத்தியாயம் உன் கையெழுத்தில் இருக்கிறபடியே, ஒரு எழுத்து மாறாமல். மறுபடி அச்சுக்கோர்க்கிற செலவு என்னுடையது. லைப்ரரியில் எடுக்காவிட்டால் முன்னூறு பிரதியை நான் எடுத்துக்கொள்வது. இந்தக் கடிதத்தை, அவர் பேரைச் சொல்லாமல், புத்தகத்தின் முன்பக்கத்தில் போடுவது. எந்த மந்திரி என்று யாராவது கேட்டு வந்தால், என் மண்டி விலாசத்தைக் கொடுப்பது.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
உத்திரமேரூர்