மேல் ஊர்க்காரன் விட்ட தண்ணீர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவும் நானும் ஆரணிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் குரலைக் கேட்டாலே குமட்டுகிறது. அதனால்தான் போனை எடுக்காமல் எழுதுகிறேன்.

இங்கே சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டுப் பழகியவர் நீங்கள். இந்த ஆற்றில் போன தண்ணீர் திரும்பாது. கடலோரத்தில் முகத்துவாரத்தை ஒட்டிச் சாயப் பட்டறை போட்டபோதும், "கடலுக்குத்தானே போவுது, யாரு கேக்கப் போறா?" என்றீர்கள். அந்த ஊரில் ஓடுவது நடந்தே கடந்துவிடக்கூடிய குட்டி ஆறு. சில மணி நேரம் கடலுக்கு இறங்கும். பிறகு கடல் ஏறி அதை ஊருக்குள்ளேயே திருப்பித் தள்ளும். நீங்கள் விட்ட அரக்குச் சிவப்புச் சாயமும் அப்படித்தான் நுரையோடு திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு அமலி இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் பாப்பாவுக்கு நண்டுக் குழம்பு கொடுத்தவள். தோல் வெந்த கைகளைக் காட்டி, "இது யாரு உட்ட தண்ணி அண்ணா?" என்று கேட்டாள்.

கூசாமல் மேற்கே கை காட்டினீர்கள். "மேல் ஊர்க்காரன் உட்டுட்டான்மா."

அந்த நேரம் நுரை கிழக்கேயிருந்து, நம் பட்டறைப் பக்கமிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அமலி அதைப் பார்த்தாள். பிறகு உங்களை அல்ல, என்னைப் பார்த்தாள்.

"ஜல்தி வந்துடு, இனிமே தண்ணி எறங்கும்போது மட்டும்தான் உடுவேன்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். கற்றுக்கொண்டது இவ்வளவுதானா? தூ!

கோபம் இறங்கினால் தானே திரும்பி வருவாள் என்று என் அண்ணனிடம் சொன்னீர்களாம். நான் அந்த ஊர் ஆறு இல்லை. இந்த ஊர் ஆறு.

பாப்பாவின் அம்மா