அவரைப் பந்தலில் கம்பளிப்பூச்சி

12.11.66
பையில் பூச்சி மருந்துப் பொட்டலத்தோடு இன்று ஐந்தாவது நாள். பிளாக் ஆபீஸில் கொடுத்தது. கிராம சேவிகை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன். ஒரு பொட்டலத்தைப் பிரிக்கத் தைரியம் இல்லை.

பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரப் பெண்கள் சேர்ந்து காய்கறி போட அப்பா அரை ஏக்கரை விட்டதே என் முகத்துக்காகத்தான். ஒரே நிபந்தனை. "ஒரு உசுரும் சாகக்கூடாதும்மா. மருந்து அடிச்சா அன்னிக்கே நிலத்தைத் திருப்பிக் குடுத்துடணும்." சமணக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

14.11.66
புழுக்களைக் குச்சியால் தள்ளிச் சட்டியில் போட்டு ஏரிக்கரையில் விட்டோம். இருபது பெண்களும் நானும். அவர்களில் அம்சவேணிக்குச் சிரிப்பு. "இதுங்களுக்கு ஜட்கா வண்டி ஓட்டிக்கினு இருக்கிறோம். நாளைக்குத் திரும்பி வந்துடும் பாருங்க."

15.11.66
வந்துவிட்டன. அவையேதானா, புதிதா, தெரியவில்லை.

19.11.66
சாம்பல் தூவினோம். வேப்பம்புண்ணாக்கு ஊறிய தண்ணீர் தெளித்தோம். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. பந்தலில் பாதி இலை இல்லை.

தறிக்குழியில் தண்ணீர் நின்று பத்து நாளாக நெசவும் இல்லை. ரேஷனில் அரிசி பாதிதான். இவர்கள் மண்வெட்டி பிடித்ததே இந்த ஆடியில்தான் – கொடியைக்கூடத் தறியில் அறுந்த பாவு நூலைப் போல முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார்கள். இந்த அவரையை நம்பி இருக்கிறார்கள். என்னை நம்பி. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

23.11.66
அம்சவேணி பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள்.

"மருந்தை வெச்சிக்கினா எங்கள புழு பொறுக்க வுட்டீங்க?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பட்டுநூலு எப்படி வருதுன்னு தெரியுமாம்மா? கூட்டைப் புழுவோட கொதிக்கிற தண்ணியில போடுறாங்க. உங்க பீரோவுல பட்டுப்புடவ இல்லியா?"

மூன்று இருக்கிறது.

"குடுங்க, நான் போடுறேன். உங்களுக்குப் பாவம் வாணாம்" என்று கை நீட்டினாள். கொடுக்கவில்லை. செய்வதும், செய்யச் சொல்வதும், செய்யும்போது சம்மதித்து நிற்பதும் ஒரே வினை – சின்ன வயதிலேயே மனப்பாடம். அவள் கையால் செய்யவிட்டு நான் சுத்தமாக இருப்பதா? சீ.

25.11.66
நானே போட்டேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பொடியை இன்னொரு துணியில் முடிந்து உதறி உதறி. கீழே பார்க்கக்கூடாது என்றிருந்தேன். பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டார். இரண்டு திட்டாவது திட்டியிருக்கலாம்.

11.12.66
அப்பா இன்னும் பேசவில்லை. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்று திருப்பிக் கேட்பாரா, நாளை கேட்பாரா? பந்தலில் புதுத் துளிர். சந்தோஷப்படவும் பயம்.

அந்தப் பாவத்துக்காக அட்டமி, சதுர்த்தசி தோறும் உபவாசம் இருக்கிறேன். காலையிலேயே கிளம்பிவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

4.1.67
அட்டமி. முதல் பறிப்பு! வீட்டுக்கு ஒரு முறம் கிடைத்தது. அம்சவேணியின் சின்னப் பெண் பச்சையாகவே வாயில் வைத்தாள். கழுவி வேகவைத்துத் தின்ன வேண்டும் என்று பிடுங்கினேன். முறைத்தாள்.

வீட்டில் அம்மா, "நீ பட்டினி கெடக்கிற நாளெல்லாம் உங்கப்பாவும் சாப்பிடல, தெரியுமா?" என்றாள்.

அப்பாவிடம் போய் நின்றேன். "நீங்க ஏன்பா?"

"நிலம் என்னுது தானேம்மா" என்றார். அழுதுவிட்டேன்.

"அடுத்து என்ன போடப் போறாங்க?" என்று கேட்டார்.

"கத்தரி" என்றேன். கத்தரியில்தான் புழு அதிகம். அது அவருக்கும் தெரியும்.

"சரி" என்றார்.