ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் ஒரு துண்டு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் என் மானம் போன கதையைக் கேள். போன வாரம் ஒரு பெண் எங்கள் பேக்கரிக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். கேக் அலமாரியைப் படம் எடுக்கிறாள், நடுவில் நாம் எதற்குத் தூண் மாதிரி என்று கொஞ்சம் தள்ளி நின்றேன். போனும் என் பக்கம் திரும்பியது. இன்னும் தள்ளினேன். அதுவும் கூடவே வந்தது. கடைசியில் பிரட் அடுக்குக்குப் பின்னால் போய்த் தொப்பையை எக்கிக்கொண்டு ஒளிந்தேன். கடையே சிரித்தது. "அங்கிள், கேக்கை இல்ல, உங்களத்தான் எடுக்குறேன்" என்றாள். எனக்கு ஒரே பெருமை. அடுப்படியில் இத்தனை வருஷம் மறைந்து கிடந்த அழகு, கவுண்டருக்கு வந்ததும் வெளியே தெரிந்துவிட்டது போல என்று தலையைக் கோதிக்கொண்டேன். அவள், "அந்த பிரட்டோட காது ஒரு தடவ சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

பிரட்டின் முனைத் துண்டுக்கு இங்கிலீஷில் என்ன என்று நீ கேட்டாய், நான் 'இயர் ஆஃப் தி பிரட்' என்றேன், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அதுதான். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் போனபிறகு பில் போடும் தங்கச்சியிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன் அண்ணே" என்று தன் போனைத் திறந்து காட்டினாள். 'அப்பாவின் இங்கிலீஷ் வகுப்பு' என்று பெயர் போட்டு, அதற்குக் கீழே நான். பனியன். பனியனில் தோள்பட்டையிடம் ஓட்டை. சொல்லியிருந்தால் சட்டையாவது போட்டிருப்பேன், பாப்பா.

முழங்கால் தேய்ந்துபோய் முதலாளி என்னைக் கவுண்டருக்கு மாற்றியபோது இங்கிலீஷ் தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்து, "ஞாயித்துக்கெழமை வீடியோ கால்ல நான் சொல்லித் தர்றேன்பா" என்று நீயாகத்தான் சொன்னாய். முழுசு, பாதி, கால், துண்டு, தூள், மீதி, இதற்கெல்லாம் இங்கிலீஷ் தெரிந்தால் போதும், பேக்கரியில் காலம் தள்ளிவிடலாம் என்றாய். ஊரெல்லாம் பார்க்க நடத்துகிற வகுப்பு என்று சொல்லவில்லை.

பொய் சொல்லமாட்டேன், முதலில் நானும் சிரித்தேன். கால்வாசிக்கு 'ஹாஃப் ஆஃப் ஹாஃப்' என்று படத்தில் இருக்கிற அந்த ஆள் என்ன தெம்பாகச் சொல்கிறான். அப்புறம்தான் கவனித்தேன். நாம் பேசியது அரைமணிக்கு மேல் இருக்கும். இதில் இருப்பது ஒரு நிமிஷம். சாப்பிட்டாயா என்று நான் கேட்டது இல்லை. மாத்திரை போடவில்லை என்று நீ திட்டியது இல்லை. நான் சரியாகச் சொன்னது மருந்துக்குக்கூட இல்லை. தப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோத்திருக்கிறாய். கேக் வெட்டுவதே வேலையாக இருக்கிற எனக்கே இவ்வளவு சுத்தமாக வெட்ட வராது.

அதுகூடப் போகட்டும். "இன்னொண்ணு இருக்கு, அத மட்டும் பாக்காதீங்க அண்ணே" என்று தங்கச்சி போனை இழுத்தாள். பார்க்காதே என்றால் விடுகிற ஆளா நான்.

அன்றைய பாடம் ஆல், மோஸ்ட், சம், தி ரெஸ்ட். வீட்டுச் சாமானை வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னாய். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'மோஸ்ட் ஆஃப் தி பெட் இஸ் எம்ப்டி' என்றேன். கட்டிலில் பெரும்பகுதி காலி. அம்மா போனபிறகும் நான் சுவரோரம்தான் படுக்கிறேன். முழங்கையால் இடித்துத் தள்ளிப்படுக்கச் சொல்ல ஆள் இல்லை, ஆனாலும் உடம்பு நடுவில் வர மறுக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. தமிழில் என்றால் உன்னிடமும் சொல்லியிருக்கமாட்டேன். வேற்றுப் பாஷை என்பதால் கூச்சம் இல்லாமல் வந்துவிட்டது.

அதற்கு அப்புறம் இரண்டு பேரும் அம்மாவைப் பற்றி வெகுநேரம் பேசினோம். அது அதில் இல்லை. அந்த வாக்கியத்தோடு வெட்டி, பின்னால் யாரோ கூட்டமாகச் சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருக்கிறாய். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ தந்த படிப்பு அதற்கும் உதவியது. "அங்கிளுக்கு யாராச்சும் துணை பாருங்கப்பா" என்று ஒருவர். மற்றதெல்லாம் அப்பன் மகளுக்கு எழுதக்கூடியது இல்லை. நீ படித்திருப்பாய். சிலவற்றுக்குக் கீழே நீயே சிரிக்கிற மூஞ்சி போட்டிருந்தாய்.

இப்போது கடையில் எனக்கு ஏக மரியாதை. முதலாளி வாசலில் என் படத்தை ஒட்டப்போகிறாராம். "உங்களாலதான் இந்தக் கூட்டமே" என்கிறார். என்னைப் பழையபடி அடுப்படிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். முழங்கால் என்னாவது என்றார். வலித்துவிட்டுப் போகட்டும் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தார். இரண்டு இளவட்டங்கள் தினமும் வந்து ஆளுக்கு ஒரு பன் வாங்குகிறார்கள். போகும்போது, "கட்டில் எப்படி இருக்கு அங்கிள்" என்று கேட்கிறார்கள். நானும் பல்லைக் காட்டுகிறேன். வியாபாரம் நடக்க வேண்டுமே.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது சட்டை போட்டு, தலை வாரி, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா, பொண்ணு பாக்கப் போறீங்களா" என்று கேலி செய்தாய். நான் விஷயத்தை மெதுவாகக் கேட்டேன். "சின்னப் பகுதிதானேப்பா, உங்க பேருகூட யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் உங்கமேல பாசம்பா" என்றாய். சரி, பரவாயில்லை என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கடிதம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். போனுக்கு முன்னால் உட்கார்ந்தால் எந்த வார்த்தை எந்தத் தெருவுக்குப் போகும் என்று தெரியவில்லை. பெற்ற மகளிடம் அளந்து பேசும்படி ஆகிவிட்டது. வாழ்க்கையில் யார் யாரிடமோ ஏமாந்திருக்கிறேன், அதையெல்லாம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆள் இல்லை.

எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லவில்லை. காது இருக்கட்டும், ஓட்டைப் பனியனும் இருக்கட்டும். கட்டிலை மட்டும் எடுத்துவிடு. அதில் பாதி உன் அம்மாவுடையது. அவளைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. இனிமேல் கூப்பிடும்போது குரல் மட்டும் போதும், படம் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ மனம்விட்டுச் சொல்வதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற மனிதர்கள் உனக்கு எங்கே போனாலும் வாய்க்கட்டும்.

உன் நன்மையே நினைக்கும்,
அப்பா

அன்று போனில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கால்வாசிக்குக் 'குவார்ட்டர்' என்பது கவுண்டருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குப் பழகிவிட்டது. முனைத் துண்டுக்கும் என்ன பெயர் என்று தெரியும். தெரியும் என்று காட்டிக்கொண்டால் பாடம் முடிந்துவிடும், "வேலை இருக்குப்பா" என்று நீ போனை வைத்துவிடுவாய் என்றுதான் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.