பதினாலாம் பெட் மகள்

அக்கா, குளிக்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படி. உடனே போனை எடுத்து அந்த நம்பரை அன்பிளாக் பண்ணு. என்னை அப்புறமா திட்டிக்கோ. "பதினாலாம் பெட் மகள்"னு நீ பேர் போட்டு வெச்சிருக்கியே, அவங்களை நான்தான் பிளாக் பண்ணிட்டேன்.

நேத்து மத்தியானம் நீ நைட் டியூட்டி அசதில தூங்கிட்டிருந்தே. எனக்கு உன் போன்ல ஆன்லைன் கணக்குப் பரீட்சை. நடுவுல கால் வந்தா பரீட்சைப் பக்கம் மூடிக்கும், திரும்பத் திறக்காது. அவங்க மூணு தடவை கூப்பிட்டாங்க. கட் பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டு பிளாக் பண்ணேன். அதுக்குள்ள பக்கம் மூடிடுச்சு. ஏழு கணக்கு போடவே இல்ல.

சாயங்காலம் கிளம்பும்போது "யாராச்சும் கூப்பிட்டாங்களாடி?"ன்னு கேட்டே. அந்த எரிச்சல்ல, "உனக்கு எப்பப் பாரு வார்டுதான், யாரும் கூப்பிடல"ன்னு கத்திட்டேன். நீ போனை எடுத்துட்டு டியூட்டிக்குப் போயிட்டே.

பிளாக்கை எடுக்கவே இல்லன்னு படுத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. இப்ப மணி ரெண்டு. உனக்குச் சொல்ல வீட்ல வேற போன் இல்ல.

சோறு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ.

மறுபரீட்சை கேட்டு மிஸ்ஸுக்கு லெட்டர் எழுதிட்டேன். காரணத்தை மட்டும் எழுத முடியல.

கொரோனா வார்டுக்குள்ள யாரையும் விடமாட்டாங்க, ராத்திரி அவங்க கூப்பிட்டா நான்தான் அவங்கப்பா காதுல போனை வெப்பேன்னு சொல்லியிருக்கே. "இன்னைக்கு ஏன் என் பொண்ணு கூப்பிடல?"ன்னு அவர் கேட்டிருந்தா, நீ என்னக்கா சொல்லியிருப்பே?