மீன் தொட்டி லைட்டும் ஜெனி கையும்

நவ. 3, திங்கள்

விடியக்காலைலேருந்து மழை. கடலூர்ல துணி காயாத மாசம் ஆரம்பம். குதிகால் வலி ஜாஸ்தி. டாக்டர் சொன்ன எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை வூட்டுக்குள்ளயும் போட்டுக்கிட்டுத்தான் நடக்குறேன். பக்கத்து வூட்டு செல்வி அக்கா, "என்ன மேரி, தூங்கும்போதாவது கழட்டுவியா?"ன்னு கிண்டல்.

மீன் தொட்டி லைட் மறுபடி சிமிட்டுது. அவரு ஆசை ஆசையா வாங்கி வெச்ச தொட்டி. மூணு தங்கமீன், ஒரு கறுப்பு. லைட் போட்டாத்தான் அழகாம். போட்ட கொஞ்ச நேரத்துல மெயின் போர்டுல ட்ரிப்பர் டப்புனு விழுது. வூடே இருட்டு. இட்லி மாவு கிரைண்டர்ல பாதியில நிக்குது.

"ஒண்ணு ட்ரிப்பரைக் கடாசுங்க, இல்ல மீனைக் கடாசுங்க"ன்னு கத்திட்டேன்.

நவ. 4, செவ்வாய்

அவரு நைட் ஷிப்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு ஏறி, ட்ரிப்பர்ல சேராம ஒயரை நேரா குடுத்துட்டாரு. மீனைக் கடாச மனசு வரல. எங்க தெருவுல பாதி வூட்டுல இப்படித்தான். மழைக்காலத்துல யாரால மல்லுக்கட்ட முடியும்?

கிரைண்டர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடுது. இருட்டே இல்ல. அப்பாடா.

லைட் மட்டும் இன்னும் சிமிட்டல். பிளக் மாத்தியாச்சு. சுவிட்ச் மாத்தியாச்சு. ம்ஹூம்.

நவ. 6, வியாழன்

வாங்கணும்: புழுங்கலரிசி, கொசுவத்தி, ஜெனிக்குக் கலர் பேப்பர்.

மீனுக்குத் தீனி போடுறது ஜெனி வேலை. மூணாவது படிக்குது. தண்ணிக்குள்ள விரல்ல வெச்சுக் குடுத்தாத்தான் மீன் வந்து தின்னும். அவங்கப்பா அப்படிப் பழக்கி வெச்சிருக்காரு. இன்னிக்கு ஒரே சிணுங்கல். "மீன் கடிக்குதும்மா. கையெல்லாம் ஜிவ்வுங்குது."

தங்கமீனுக்கு ஏதுடி பல்லு? நானே போய் முழங்கை வரைக்கும் வுட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. வேலை செய்யாம இருக்க என்னென்ன சாக்கு! "ஒழுங்கா வெய்யி"ன்னு பக்கத்துலயே நின்னேன். அழுதுக்கிட்டே வெச்சுது.

நவ. 7, வெள்ளி

லைட்டைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன். சிதம்பரம் பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. என் துணிக்கடைக்கு ரெண்டு கடை தள்ளித்தான் தம்பி டேவிட்டோட லைட் கடை. சாப்பாட்டு நேரத்துல போனேன். மேசைமேல வெச்சு எரியவுட்டான். சிமிட்டவே இல்ல, சனியன்!

"லைட்டு நல்லாத்தான்க்கா இருக்கு. தொட்டில வெச்சாத்தான் ஏதோ ஆவுது. ஞாயித்துக்கெழமை வந்து பாக்குறேன். பயப்படாத, ஏதாவதுன்னா ட்ரிப்பர் வுழுந்துரும். ட்ரிப்பர் வேலை செய்யுதுல்ல?"

"ம்... செய்யுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவான்னுதான். சாயங்காலம் லைட்டைப் பழையபடி மாட்டியாச்சு.

நவ. 8, சனி

கறுப்பு மீன் செத்து மிதக்குது. ஜெனி ஒரே அழுகை. செல்வி அக்கா வந்து, "அழுவாத பாப்பா. உங்க வூட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. நல்லதுதான்"னாங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவதான். இருந்தாலும் அதைக் கேட்டதும் மனசு லேசாச்சு. ஏதோ பெருசா வர இருந்தது தப்பிச்சோம்னு தோணுச்சு.

சாயங்காலம் பார்த்தா ஜெனி என் செருப்பை மாட்டிக்கிட்டு தொட்டிகிட்ட நிக்குது. "டாக்டர் செருப்புடி, பிஞ்சு போனா யாரு வாங்கித் தருவா?"ன்னு புடுங்கிட்டேன்.

நவ. 9, ஞாயிறு

எழுத்து கோணல்.

பூசை முடிஞ்சு வந்தோம். டேவிட் வாசல்ல நிக்குறான். காபிகூட குடிக்கல, நேரா தொட்டிகிட்ட போனான். லைட்டைப் போட்டான். சிமிட்டுச்சு. சட்டைப் பையிலேருந்து டெஸ்டரை எடுத்துத் தண்ணியில வெச்சான்.

எரிஞ்சுது.

தண்ணியில. டெஸ்டர். எரிஞ்சுது.

அவரு, "நல்லா பாரு மச்சான்"னாரு. மறுபடி வெச்சான். மறுபடி எரிஞ்சுது. டேவிட் ஓடிப்போய் மெயினை அணைச்சான்.

"மாமா, ட்ரிப்பர் ஏன் வுழல?"

அவரு என்னைப் பார்த்தாரு. நான் தரையைப் பார்த்தேன். டேவிட் போர்டைத் திறந்தான். "அறிவிருக்கா மாமா உங்களுக்கு?" அவரு எதிர்ல உக்காரக்கூட யோசிக்கிற பையன் அவன்.

லைட்டுல கோளாறே இல்லியாம். தொட்டி மூடிக்குள்ள ஓடுற ஒயர்ல. அவரு ஒட்டுன டேப் ஈரத்துல பிரிஞ்சு, கம்பி இரும்புச் சட்டத்துல ஒரசிக்கிட்டு இருந்திருக்கு. சட்டத்தோட கீழ்ப்பக்கம் தண்ணியில. இத்தனை நாளும் ட்ரிப்பர் டப்பு டப்புன்னு வுழுந்தது இதுக்குத்தான். நாங்க அதோட வாயைக் கட்டிட்டோம்.

"எனக்கு ஒண்ணும் ஆவலையேடா. முழங்கை வரைக்கும் வுட்டேனே!"

டேவிட் என் காலைப் பார்த்தான். "இந்தச் செருப்போடவா?"

மாதாவே.

ஜெனி வெறுங்கால். அதுவும் நான் துடைச்சுவுட்ட ஈரத் தரையில.

"அம்மா செருப்பைப் போட்டுக்கிட்டா கடிக்காது மாமா"ன்னுது ஜெனி. "நான் போட்டுப் பார்த்தேன். அம்மா புடுங்கிட்டாங்க." குத்தம் சொல்லக்கூட இல்ல. மாமாவுக்குப் பக்குவம் சொல்ற மாதிரி சொல்லுது. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

பெத்தவ. பக்கத்துல நின்னு, அதட்டி, கரண்டுக்குள்ள கையை வெக்க வெச்சிருக்கேன்.

"எப்புடிடீ வெச்ச கண்ணு?"

"சட்டுனு வெச்சு சட்டுனு எடுத்துருவேன். உன்னைக் கடிக்கலைன்னியா... மீனுக்கு எம்மேல மட்டும் கோவம்னு நெனச்சேன்."

அவரு எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டாரு. அழுதிருக்காரு. மூஞ்சைப் பார்த்தாலே தெரிஞ்சுது.

நவ. 10, திங்கள்

மழை விட்டிருக்கு. வேலைக்குப் போகல. ட்ரிப்பரைப் பழையபடி சேர்த்துக் குடுத்துட்டு, மீனையெல்லாம் மூடி போட்ட வாளியில சிதம்பரத்துக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டான் டேவிட். தொட்டி காலி.

செல்வி அக்கா, "பாத்தியா, அப்பவே சொன்னேன்ல? கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சு"ன்னாங்க. "வாயை மூடுக்கா"ன்னு கத்திட்டேன். பாவம், அவுங்க என்ன செய்வாங்க. மீன் செத்தே காட்டுச்சு, பொண்ணு வாயால சொல்லுச்சு. எங்களுக்குத்தான் ஒறைக்கல.

டெஸ்டர் ஒண்ணு வாங்கியாச்சு. ஃப்ரிட்ஜ்ல வெக்கிறேன், கிரைண்டர்ல வெக்கிறேன், இரும்பு கேட்ல வெக்கிறேன். எதுலயும் எரியல. நம்பிக்கை வரல, திரும்பத் திரும்ப வெக்கிறேன். ஜெனி கை ரெண்டையும் எத்தனை தடவை புடிச்சுப் பார்த்திருப்பேனோ. நல்லாத்தான் இருக்கு. "கூசுதும்மா, வுடு"ங்குது.

நவ. 11, செவ்வாய்

வெயில். ஜெனிக்கு ஸ்கூல். குளிக்க வாளியில வெந்நீர் வெளாவி வெச்சுக் கூப்புட்டேன். வந்துது. வாளிகிட்ட நின்னுக்கிட்டு, "தொடலாமாம்மா?"ன்னுது.

"வெறும் தண்ணிடா கண்ணு. பாரு"ன்னு நான் கையை வுட்டுக் காட்டுனேன். "ஒண்ணும் இல்ல பாரு."

ஜெனி கையைப் பின்னாடி கட்டிக்கிச்சு. "அப்பா வரட்டும்மா. அப்பா தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்."

அவரு ஷிப்ட் முடிஞ்சு வர நேரமாவும். தண்ணி ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே நின்னோம்.