ஒன்றுமே நடக்கவில்லை என்கிறான்

நாரின்,
வியாழக்கிழமை

அன்புள்ள நூர்சாதா அக்காவுக்கு,

பெர்மெத் எழுதுகிறேன். நீயும் மச்சானும் சுகம்தானே? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே பனி இன்னும் விடவில்லை. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அதனால்தான் பிஷ்கெக் போகும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் என் தோழியின் கல்யாணம் முடிந்ததும், கனாத் தன் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னான். அப்பாவுடைய சிநேகிதரின் மகன்தானே என்று ஏறினேன். ஆற்றோரம் வண்டியை நிறுத்திக் கதவைப் பூட்டினான். வேண்டாம் என்று அழுதேன், கெஞ்சினேன். அவன் விடவில்லை. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை அக்கா. உனக்குப் புரியும்.

அம்மாவிடம் சொன்னேன். அழுதுவிட்டு, வெளியே மூச்சு விடாதே என்றாள். அப்பாதான் கனாத் வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கனாத்தும் அவன் அம்மா ரோசாவும் அவன் பெரியப்பாவும் வந்தார்கள். அம்மா தேநீர் ஊற்றினாள். கனாத் என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "பெர்மெத் எனக்குத் தங்கச்சி மாதிரி. வாசல்ல இறக்கி விட்டேன், அவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்றாளோ தெரியல." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒரு நிமிடம் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

அப்புறம் ரோசா பையிலிருந்து, மருமகளாக வருபவளுக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியை எடுத்தாள். "நடந்துச்சோ நடக்கலையோ, ஊர் வாயை மூடணும்ல? எங்க வீட்டுக்கே மருமகளா வரட்டும்" என்று என் தலையில் போர்த்தினாள். அம்மா தடுக்கவில்லை. அதைத் தலையில் வைத்திருந்தால் சம்மதம் என்றுதானே ஆகிவிடும்? எடுத்துத் தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே வைத்தேன். "ஒண்ணுமே நடக்கலன்னா, எதுக்கு என்னைக் கட்டிக்க வந்தீங்க?" என்று கேட்டேன். கனாத் தலைகுனிந்துகொண்டான். பத்தொன்பது வயசுக்கு இவ்வளவு வாயா என்று பெரியப்பா எழுந்துவிட்டார். அப்பா தொழுவத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் தனியாகப் போய்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அங்கேயும் அவன் அதே கதையைத்தான் சொன்னானாம். அன்றிலிருந்து அவன் கார் எங்கள் நர்சிங் கல்லூரி வாசலில் நிற்கிறது. இறங்க மாட்டான். கண்ணாடியை இறக்கிச் சிரிப்பான், அவ்வளவுதான். கல்லூரிச் சமையல்கார அம்மாதான் என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறார். நேற்று அப்பா தன் படுக்கையைக் கொண்டுவந்து என் அறைக் கதவோரம் போட்டுக்கொண்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிப்பார்களாம். அவன் மறுபடியும் அதே குரலில் பேசுவான். எனக்கு நாக்கு எழாமல் போய்விடுமோ என்று நடுங்குகிறேன். நீ எதுவும் பேச வேண்டாம் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள், போதும். மச்சானிடம் என்ன சொல்லுவாயோ தெரியாது, வந்துவிடு.

உன் மகளுக்கு என் முத்தங்கள். அவள் யாருக்கும் பயப்படாமல் வளரட்டும்.

உன்னையே நம்பியிருக்கும்,
பெர்மெத்