பதினோரு ஓட்டு வித்தியாசம்

சனிக்கிழமை காலை

அன்பு மகள் ரெனெட்டாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன். நீயும் மருமகனும் குழந்தையும் அந்த மழை ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் அவரிடம் கேட்கிறேன். மாத்திரை தவறாமல் போடுகிறேன், நீ சொன்ன மாதிரி உப்பையும் குறைத்துவிட்டேன், சாப்பாடு சாப்பாடு மாதிரியே இல்லை. பீச் மரம் அவசரப்பட்டுப் பூத்து போன வாரப் பனியில் எல்லாம் கருகிவிட்டது. உன் அம்மா போய் இன்றோடு ஏழு வாரம். இன்னும் கட்டிலில் என் பக்கத்திலேயேதான் படுக்கிறேன், அந்தப் பக்கம் கை போனால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் நீ நாலு முறை கூப்பிட்டாய். நான் வீட்டில்தான் இருந்தேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. மனு கொடுத்தீர்களா அப்பா என்றுதான் கேட்பாய், நான் பதில் சொல்வதற்குள் நீயே பதிலையும் சொல்லிவிடுவாய், உன் அம்மா வளர்ப்பு அப்படி. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுப் படி.

நீ வேலைக்குத் திரும்பிய பிறகு துக்க வீட்டுக்கு வந்த பாத்திரங்களையெல்லாம் லோரின் அத்தை வந்து கழுவித் துடைத்து அடுக்கி வைத்தாள். அறுபத்து மூன்று. கோழி வறுத்து வந்தது, மக்ரோனி வந்தது, கீரை வந்தது, கேக் மட்டும் பத்தொன்பது. ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப் ஒட்டிப் பேர் எழுதியிருந்தது. செத்தவர் வீட்டு ஆள்தான் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுத்தனுப்பினால் மரியாதை இல்லை. நானும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் மில் ரோட்டில் கேலப் வீடு. கிழவன் என்னையும் பார்த்தான், என் கையிலிருந்த பாத்திரத்தையும் பார்த்தான். "வருவீங்கன்னு தெரியும் ஓதாண்ணே, எங்க வீட்ல நாலு ஓட்டு, எழுதிக்கங்க" என்றான். பாவம், இவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டில் சாக்கடை அடைத்திருப்பதைக் காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில், "ஆஸ்பத்திரிய மூடிருவாங்களாமே, நீங்க விட்டுருவீங்களா?" என்று கேட்டார்கள். நாலாவது வீட்டு வாசலில்தான் எனக்கு உறைத்தது.

எண்பத்து நாலில் உனக்குப் பத்து வயது, உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. மாவட்டச் சபையில் அதுவரை நம்மைப் போல் கறுப்பர் ஒருவரும் உட்கார்ந்ததில்லை, எந்த நிறத்திலும் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அந்த வருஷம் உன் அம்மா நிற்கிறேன் என்றாள். அவளோடு நின்று பேசினாலே மர ஆலையில் வேலை போகும், குடியிருக்கிற வீடு போகும். கூட்டம் போட முடியாது, நோட்டீஸ் ஒட்ட முடியாது. அந்த வசந்தத்தில்தான் என் அம்மா இறந்திருந்தாள், வீடு முழுக்க ஊர்ப் பாத்திரம். உன் அம்மா அவற்றை ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் திருப்பித் தர வந்தவளை யார் என்ன கேட்க முடியும்? வாசலில் நின்று கொடுத்தாள், உள்ளே கூப்பிட்டால் உட்கார்ந்தாள், எழுந்திருக்கும்போது ஓட்டும் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் சாவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். "ஆர்வெல்லா சட்டியோட வந்துட்டா, தேர்தல் வந்துருச்சு" என்று ஊரே சிரிக்கும். இருபத்தெட்டு வருஷம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு, நானும் அதையே செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றாமல் போனதே, அதை என்ன சொல்ல.

அவள் இடத்துக்கு நான் நிற்கிறேன் என்று ஊர் நினைப்பது தெரிந்த பிறகாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் என் தப்பு. இத்தனை வருஷமாக நான் ஆர்வெல்லா புருஷன், பெட்ரோல் போடுகிறவன்கூட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முடி வெட்டும் கடையில், "உன் வீட்டம்மாவக் கேட்டுட்டு வந்து பேசுப்பா" என்று என் வாயை அடைப்பார்கள். இப்போது வீட்டுக்கு வீடு நாற்காலி துடைத்துப் போடுகிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது, ரெனி. எழுபத்திரண்டு வயதில் வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது. மூன்று வாரம் பாத்திரம் கொடுத்தேன், குறைகளைக் கேட்டுத் தலையாட்டினேன். நீ வேறு போனில், சபை அலுவலகக் கதவில் கிலியர்ட் என்ற பேர் போனால் அம்மாவே போன மாதிரி, நீங்கள் நிற்காவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வருவேன் என்று அழுதாய். சரி, நிற்கிறேன் என்று உனக்கும் வாக்குக் கொடுத்தேன்.

தீவனக் கடைக்காரர் மகன் முதல் நாளே மனு கொடுத்துவிட்டான். ஜெயித்தால் ஆஸ்பத்திரியை மூடி அந்தக் கட்டடத்தைக் கிடங்காக்குவேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். உன் அம்மா ஒன்பது வருஷம் சண்டை போட்டு வாங்கின ஆஸ்பத்திரி. சபையில் அவள் எழுந்து பேசும்போதெல்லாம் தலைவர் இருமுவார், இருமி முடிக்கும்வரை நின்றுவிட்டு முதல் வரியிலிருந்து திரும்ப வாசிப்பாளாம், அப்படி வாங்கினது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எதிர்த்து ஒரு மனுவாவது வராவிட்டால் தேர்தலே இல்லை, அவன்தான் உறுப்பினர். நம் பக்கத்தில் ஒருவரும் மனு கொடுக்கவில்லை. நான் நிற்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்தால் யார் கொடுப்பார்கள்?

புதன்கிழமை வெர்னீஸ் டாலி வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளே, உன் அம்மா கடைசி இரண்டு வருஷம் நடக்க முடியாமல் இருந்தபோது கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், அவள்தான். அடுப்படி மேசையில் மனுத் தாள் இருந்தது, அவள் கையெழுத்தில் எல்லாம் எழுதி முடித்து, தேதி போட்டு. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. நான் பார்த்ததும் சட்டென்று எடுத்து மடித்துவிட்டாள். "அது சும்மா மாமா. நீங்க நிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டதும் விட்டுட்டேன். அந்த வீட்ல சாப்பிட்டவ நான், உங்கள எதுத்து நிப்பேனா?" என்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், மாநிலத்திலிருந்து பணம் எந்த மாதம் வரும், எந்த ஓட்டு யார் பக்கம் என்று நான் கேட்கக் கேட்க விரல் விட்டுச் சொன்னாள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, சாக்கடைக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும். அப்போதும் நான் விலகுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, பார்த்துக்கொள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மனுவோடு சேர்க்க வேண்டிய சான்றிதழைத் தேடி உன் அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். அடியில் எண்பத்து நாலாம் வருஷத்து வாக்காளர் பட்டியல் இருந்தது. அந்தத் தேர்தலில் அவள் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள், மறுபடி எண்ணச் சொன்னார்கள், அதற்காகக் கொடுத்த நகல். வந்து ஓட்டுப் போட்ட ஒவ்வொருவர் பேரின் கீழும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். கேலப்புக்குக் கோடு இருக்கிறது, செத்துப்போன அவன் பெண்டாட்டிக்கும் இருக்கிறது. வெர்னீஸின் அம்மா அந்த ஓட்டுக்காக வீட்டையே இழந்தாள், அவள் பேருக்கும் இருக்கிறது. கிலியர்ட், ஓதா. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஆமாம், நான் போடவில்லை. ஓட்டுச் சாவடியாயிருந்த தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே எங்கள் மர ஆலை மேஸ்திரி வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு யார் யார் உள்ளே போகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் பயந்துவிட்டேன். அடுத்த தேர்தல்களிலெல்லாம் போட்டேன், அப்போது அதற்குத் தைரியம் தேவைப்படவில்லை. எல்லாம் தெரிந்தும் உன் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பட்டியல் கைக்கு வந்த அன்று சாயங்காலமும் எனக்குச் சோறு போட்டாள், மறுநாள் சட்டை தேய்த்துக் கொடுத்தாள், பதவி ஏற்றபோது பைபிளைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டாள். அவள் கேட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அந்தப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு இந்த வயதில் அழுதேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு வெர்னீஸ் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். "தாள எடுத்துக்கிட்டு ஏறும்மா" என்றேன். வழி முழுக்க வேண்டாம் மாமா, ஊர் என்ன சொல்லும் என்று புலம்பிக்கொண்டே வந்தாள். கோர்ட் கட்டடத்தில் மனு வாங்குகிற குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மிஸ்டர் கிலியர்ட், உங்களுக்காகத்தான் இருக்கோம்" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். பதினொன்றரைக்கு முத்திரை குத்தினார்கள். நவம்பரில் அவள் ஜெயிக்கலாம், தோற்கலாம், ஆனால் தேர்தல் உண்டு. எப்படியானாலும் அந்தக் கதவிலிருந்து நம் பேர் போகும். உனக்குக் கொடுத்த வாக்கை நான்தான் மீறினேன், வெர்னீஸ் மேல் கோபப்படாதே. முடிந்தால் அவளுக்கு ஒரு போன் செய், உன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டால் தெம்பாக இருப்பாள்.

மருமகனுக்கு என் அன்பு. குழந்தைக்கு இருமல் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருக்காதே. உன் அம்மாவைத் தாங்கின கை உங்களையும் தாங்கட்டும், போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி, இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். அந்த ஓட்டு நாளில் வண்டியில் நீயும் என்னோடு இருந்தாய். அம்மா தைத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, "அப்பா, இறங்கலையா?" என்று கேட்டாய். காலையிலேயே போட்டுவிட்டேன் கண்ணு என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன். அது பொய், மகளே. என்னை மன்னித்துவிடு.

உன் அப்பா,
ஓதா கிலியர்ட்